அடுத்த மேலாளர் யார்: தடுமாறும் கழகத்தின் ரசிகர்கள் உண்மையில் எதைப் பற்றி வாதிடுகிறார்கள்?

இங்கிலாந்துக் கால்பந்தைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கும் ஒருவருக்கு ஆட்ட விதிகள் சில வாரங்களில் பிடிபட்டுவிடும். ரசிகர்களின் பேச்சு அவ்வளவு எளிதில் பிடிபடுவதில்லை. தம் அணி தொடர்ந்து தோற்கும்போது அவர்கள் கோல் அடிக்கத் தவறியவரைவிட, பந்தையே தொடாமல் களத்தின் ஓரத்தில் நிற்கும் ஒருவரைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள். இப்போதைய மேலாளரை நீக்க வேண்டுமா, நீக்கினால் அந்த இடத்துக்கு யாரைக் கொண்டுவர வேண்டும் என்ற கேள்விகளே அந்த வாரம் முழுவதும் ஓடும். ஒரே கழகத்தை ஆண்டுக்கணக்கில் நேசித்த இருவர், ஒரே ஆட்டத்தை அருகருகே அமர்ந்து பார்த்துவிட்டு, சற்றும் பொருந்தாத இரண்டு பெயர்களைச் சொல்லி வாதிடுவார்கள். புதியவருக்கு இருவர் சொல்வதும் நியாயமாகவே தோன்றும்.

அப்படித் தோன்றுவதில் தவறில்லை, ஏனென்றால் பெரும்பாலும் அவர்கள் இருவரும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் அடுத்த நான்கு மாதங்களில் அணி எப்படித் தப்பிப்பது என்று யோசிக்கிறார். மற்றவர் மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு அணி எங்கே நிற்க வேண்டும் என்று யோசிக்கிறார். பக்கத்தில் இருக்கும் மூன்றாமவருக்கோ, நம் கழகம் எப்படிப்பட்ட கழகம் என்பதே பெரிய கேள்வி. ஒரு பெயரை ஆதரிக்கவோ எதிர்க்கவோ செய்வதற்கு முன் அந்தப் பெயர் எந்தக் கேள்விக்கான விடை என்று பிரித்தறிந்தால், இந்த விவாதம் முழுவதும் விளங்கத் தொடங்கும். இதைக் காட்டுவதற்கு லிவர்பூல் நகரத்தின் எவர்டன் கழகத்தையும், அதன் ரசிகர்கள் 2023 ஜனவரியில் நடத்திய விவாதத்தையும் எடுத்துக்கொள்கிறேன். அண்மைக் காலத்தில் இரண்டு எதிரெதிர் விடைகள் இவ்வளவு தெளிவாக எதிரெதிரே நின்ற தருணம் வேறொன்று உடனே நினைவுக்கு வரவில்லை.

மேலாளரின் பணி எதுவரை?

பயிற்சித் திடலில் அணியைத் தயார்செய்வது, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பதினொருவரைத் தேர்ந்தெடுப்பது, எந்த முறையில் ஆடுவது என்று முடிவுசெய்வது, ஆட்டத்தின் நடுவே ஆட்களை மாற்றுவது, தோல்விக்குப் பின் செய்தியாளர்களுக்குப் பதில் சொல்வது ஆகியவை மேலாளரின் பொறுப்புகள். முன்பு இதைவிட அதிகமாகவே இருந்தது. மான்செஸ்டர் யுனைடெட்டின் அலெக்ஸ் ஃபெர்குசனும் ஆர்செனலின் ஆர்சன் வெங்கரும் யாரை வாங்குவது, யாரை விற்பது என்பதிலும் இறுதிச் சொல்லைத் தம்மிடமே வைத்திருந்தார்கள். இன்று பெரும்பாலான கழகங்களில் அந்த வேலை கால்பந்து இயக்குநர் என்ற தனிப் பொறுப்பாளரிடம் இருக்கிறது. எவர்டனில் 2016 முதல் ஸ்டீவ் வால்ஷ், 2018 முதல் மார்செல் பிராண்ட்ஸ், 2022 முதல் கெவின் தெல்வெல் என்று அந்த நாற்காலியிலும் ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு: ரசிகர்கள் மேலாளர்மீது சுமத்தும் குற்றங்களில் கணிசமான பகுதி அவர் கையில் இல்லாத காரியங்களைப் பற்றியது.

கீழே விழுவதன் விலை

இங்கிலாந்தின் முதல் நிலைப் போட்டியான பிரீமியர் லீகில் 20 அணிகள் உண்டு. ஒவ்வொரு அணியும் ஒரு பருவத்தில் 38 ஆட்டங்கள் ஆடும். வெற்றிக்கு 3 புள்ளிகள், சமனுக்கு 1. பருவ முடிவில் கடைசி மூன்று இடங்களில் இருக்கும் அணிகள் சாம்பியன்ஷிப் என்ற இரண்டாம் நிலைப் போட்டிக்கு இறக்கப்படும். 2022-23 பருவத்தில் கடைசி இடம் பிடித்த அணிக்குக்கூடத் தொலைக்காட்சி உரிமை முதலியவற்றின் பங்காக 10 கோடி பவுண்டுக்கும் மேல் கிடைத்தது. இறங்கிய அணிகளுக்குச் சில ஆண்டுகள் ஈட்டுத்தொகை உண்டென்றாலும், அந்த வருமானத்தின் பெரும்பகுதி போய்விடும்; நல்ல ஆட்டக்காரர்கள் போவார்கள், கழகத்தில் வேலைபார்க்கும் சாதாரண ஊழியர்களின் வேலையும் போகக்கூடும்.

எவர்டனுக்கு இந்த அச்சம் இன்னும் கனமானது. 1878-இல் தொடங்கப்பட்ட அந்தக் கழகம் ஒன்பது முறை இங்கிலாந்தின் லீக் பட்டத்தை வென்றது. கடைசியாக வென்றது 1987-இல், ஹோவர்ட் கெண்டலின் கீழ். 1954-இல் முதல் நிலைக்குத் திரும்பிய பிறகு ஒருமுறைகூட அது இறங்கியதில்லை. தாத்தா, அப்பா, மகள் என்று மூன்று தலைமுறையாக குடிசன் பார்க் மைதானத்துக்குப் போய்வந்த குடும்பங்களில் பலரும் தம் கழகத்தை இரண்டாம் நிலையில் பார்த்ததே இல்லை.

2023 ஜனவரி 21 அன்று வெஸ்ட் ஹாமிடம் 2-0 என்று தோற்றபோது எவர்டன் 20 ஆட்டங்களில் மூன்றே மூன்று வெற்றிகளுடன் 15 புள்ளிகள் எடுத்து, கடைசிக்கு முந்திய இடத்தில் கிடந்தது. அடித்த கோல்கள் 15, வாங்கியவை 28. இரண்டு நாள் கழித்து மேலாளர் ஃபிராங்க் லாம்பார்ட் நீக்கப்பட்டார். அதே வேகத்தில் போயிருந்தால் 38 ஆட்டங்களில் ஏறத்தாழ 28 புள்ளிகள்தான் கிடைத்திருக்கும். அந்தப் பருவத்தில் 34 புள்ளிகள் எடுத்த லெஸ்டர் சிட்டியே இறங்கியது. இனி 18 ஆட்டங்கள். யார் வருவது?

இரண்டு பெயர்கள், இரண்டு கேள்விகள்

முதலில் அடிபட்ட பெயர் மார்செலோ பியெல்சா. அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரத்தவர். அந்நகரின் நியூவெல்ஸ் ஓல்ட் பாய்ஸ் கழகம் தன் மைதானத்துக்கே அவர் பெயரைச் சூட்டியிருக்கிறது. லீட்ஸ் யுனைடெட்டை 2018-இல் ஏற்றுக்கொண்ட அவர், 16 ஆண்டுகள் கீழ்நிலையில் கிடந்த அந்த அணியை 2020-இல் பிரீமியர் லீகுக்கு உயர்த்தி, அடுத்த பருவத்தில் ஒன்பதாவது இடத்தில் நிறுத்தினார். களமெங்கும் எதிரணியினரை ஆளுக்கு ஆள் துரத்திப் பிடிப்பது, பந்து கிடைத்ததும் பலர் ஒரே நேரத்தில் முன்னோக்கிப் பாய்வது, ஓய்வில்லாமல் ஓடுவது என்பது அவருடைய முறை. அதைக் கற்றுக்கொண்ட அணி கண்ணுக்கு விருந்தாக ஆடும். ஆனால் கற்றுக்கொள்ள மாதங்கள் ஆகும். உடல் தாங்கவும் வேண்டும். முறை உடையும்போது அது கொடூரமாக உடையும் என்பதும் லீட்ஸில் தெரிந்தது: 2022 பிப்ரவரி ஒரே மாதத்தில் அந்த அணி லீக் ஆட்டங்களில் 20 கோல்கள் வாங்கியது, மாத இறுதியில் அவர் நீக்கப்பட்டார்.

இரண்டாவது பெயர் ஷான் டைச். 2012 முதல் 2022 வரை பர்ன்லி என்ற சிறிய நகரத்தின் கழகத்தை நடத்தியவர். குறைந்த பணத்தில் அந்த அணியை இரண்டு முறை பிரீமியர் லீகுக்கு உயர்த்தினார். 2017-18-இல் ஏழாவது இடம் வரை கொண்டுசென்று ஐரோப்பியப் போட்டியின் தகுதிச் சுற்றுக்கும் அனுப்பினார். தற்காப்பில் நெருக்கமாக நிற்பது, பந்தை விரைவாக முன்னே அனுப்புவது, ஓரங்களிலிருந்து குறுக்கே உயர்த்தி அடிப்பது, கார்னர், ஃப்ரீ கிக் ஆகியவற்றைக் கோலாக்குவது என்று அவருடைய முறை எளிமையானது. பார்ப்பதற்கு அழகில்லை என்று சொல்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். ஆனால் ஒரு வாரத்தில் கற்பிக்கத் தொடங்கி, அந்த வாரமே களத்தில் ஆடிக் காட்டக்கூடிய முறை அது.

இந்த இருவரில் யார் சிறந்த மேலாளர் என்று கேட்டால் விவாதம் முடிவில்லாமல் சுற்றும். பியெல்சாவின் சிந்தனையிலிருந்து கற்றுக்கொண்டதாகப் புகழ்பெற்ற பல பயிற்சியாளர்கள் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள். டைச்சைப் பற்றி அப்படிச் சொன்னவர்கள் அரிது. ஆனால் எவர்டன் ரசிகர்களில் பியெல்சாவை விரும்பியவர்கள் அவருடைய புகழுக்காக மட்டும் விரும்பவில்லை. ஆண்டுக்கொரு மேலாளரை மாற்றி, ஆண்டுதோறும் ஆபத்திலிருந்து தப்பிப்பதே வேலையாகிவிட்ட கழகத்துக்கு ஒரு திசை வேண்டும்; அந்தத் திசைக்காகக் கீழே இறங்கும் அபாயத்தைக்கூட ஏற்கலாம் என்பதே அவர்கள் வாதத்தின் சாரம். டைச்சை விரும்பியவர்கள், திசையைப் பற்றிப் பேசுவதற்கு முதலில் கழகம் மேலே இருக்க வேண்டும், 18 ஆட்டங்களில் புதிய தத்துவத்தைக் கற்க முடியாது என்றார்கள். முதல் தரப்பு பேசியது மூன்றாண்டுக் கணக்கு; இரண்டாவது தரப்பு பேசியது நான்கு மாதக் கணக்கு.

பியெல்சாவே இந்தப் பிரிவினையை மிகத் தெளிவாகக் கண்டார் என்பது எனக்குப் பிடித்த விஷயம். அவர் பேச்சுவார்த்தைக்கு லண்டன் வந்தார். பருவத்தின் நடுவே தன் முறையை முதல் அணிக்குக் கற்பிக்கக் காலம் போதாது என்று அவர் கருதியதாகவும், முதலில் 21 வயதுக்குட்பட்டோர் அணியுடன் பணியாற்றிவிட்டுக் கோடையில் முதல் அணியை ஏற்கலாம் என்று யோசனை சொன்னதாகவும் அப்போது செய்திகள் வந்தன. அதைக் கேட்டுச் சிலர் சிரித்தார்கள். எனக்கு அது மிக நேர்மையான பதிலாகவே படுகிறது: உங்கள் அவசரத்துக்கு நான் பொருத்தமான ஆள் இல்லை, உங்கள் எதிர்காலத்துக்கு வேண்டுமானால் பேசுவோம் என்று ஒரு மேலாளர் வேலை தேடி வந்த இடத்தில் சொல்வது அரிது. ஜனவரி 30 அன்று எவர்டன் டைச்சை இரண்டரை ஆண்டு ஒப்பந்தத்தில் நியமித்தது.

கையில் இருக்கும் ஆட்டக்காரர்கள்

பெயர்களைப் பற்றி வாதிடும்போது புதியவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுவது, வரப்போகும் மேலாளருக்குப் புதிய ஆட்டக்காரர்கள் கிடைப்பார்களா என்பது. பருவத்தின் நடுவே ஆட்டக்காரர்களை வாங்க ஜனவரி மாதம் மட்டுமே அனுமதி உண்டு. டைச் வந்த மறுநாள் அந்தக் கதவு மூடியது. அவர் வருவதற்கு முந்தின நாள்தான் ஆட்டக்காரர் ஆண்டனி கார்டன் நியூகாசிலுக்கு விற்கப்பட்டிருந்தார். அந்த ஜனவரி முழுவதும் எவர்டன் ஒருவரையும் வாங்கவில்லை. எனவே யார் வந்தாலும் இருப்பதை வைத்தே ஆட வேண்டும்.

இருந்ததோ ஒட்டுத்துணி போன்ற அணி. 2016-இல் தொழிலதிபர் ஃபர்ஹாத் மோஷிரி கழகத்தின் பங்குகளை வாங்கியபோது ராபர்ட்டோ மார்ட்டினெஸ் மேலாளர். அந்த ஆண்டிலேயே அவர் போய் ரொனால்ட் கூமன் வந்தார். பிறகு சாம் அலர்டைஸ், மார்கோ சில்வா, கார்லோ அன்செலாட்டி, ரஃபேல் பெனிடெஸ், லாம்பார்ட். இவர்களில் எந்த இருவரும் ஒரே மாதிரி கால்பந்தை விரும்பியவர்கள் அல்லர். ஒவ்வொருவரும் தம் முறைக்கேற்ற ஆட்களைக் கேட்டார்கள், அடுத்தவர் வந்தபோது அந்த ஆட்கள் பொருந்தவில்லை. 2017 கோடையில் நடந்ததை எண்ணிப் பாருங்கள்: கில்ஃபி சிகுர்ட்சன், டேவி கிளாசன், வெய்ன் ரூனி என்று தாக்குதல் வரிசைக்குச் சற்றுப் பின்னால் ஆட விரும்பும் மூவரை ஒரே நேரத்தில் சேர்த்துக்கொண்ட கழகம், மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு விற்ற ரொமெலு லுகாகுவின் இடத்தில் கோல் அடிக்க நிகரான ஒருவரை வாங்கவில்லை. அந்த அக்டோபரில் கூமன் நீக்கப்பட்டார். குற்றம் அவருடையதா, வாங்கியவர்களுடையதா, விற்றவர்களுடையதா? மோஷிரி காலத்தில் ஆட்டக்காரர்களுக்காக 50 கோடி பவுண்டுக்கு மேல் செலவிட்டும் அணி கீழேயே கிடந்ததற்கு இந்தக் கேள்வியில்தான் பெரிய விடை இருக்கிறது.

இந்தக் கோணத்தில் பார்த்தால் டைச்சின் பெயருக்கு இன்னொரு நியாயமும் கிடைத்தது. ஜேம்ஸ் டார்கோவ்ஸ்கி, ட்வைட் மெக்நீல், மைக்கேல் கீன் ஆகிய மூவரும் பர்ன்லியில் அவரிடம் ஆடியவர்கள். அவர் வருவதற்கு முன்பே எவர்டனில் இருந்தார்கள். பிப்ரவரி 4 அன்று, பொறுப்பேற்ற ஐந்தாம் நாள், பட்டியலில் முதலிடத்தில் இருந்த ஆர்செனலை எவர்டன் 1-0 என்று வென்றது. மெக்நீல் கார்னர் அடிக்க, டார்கோவ்ஸ்கி தலையால் முட்டிக் கோலாக்கினார். ஒரு மேலாளரின் முறை கையிருப்பிலுள்ள ஆட்களோடு பொருந்துவது என்றால் என்ன என்று புதியவர் ஒருவர் கேட்டால், அந்த ஒரு கோலைப் பார்க்கச் சொல்லலாம்.

மேலாளர்தான் சிக்கலா என்று கேட்பவர்கள்

ஒவ்வொரு விவாதத்திலும் எந்தப் பெயரையும் சொல்ல மறுக்கும் ஒரு தரப்பு உண்டு. அவர்கள் பேச்சைத் திசைதிருப்புவதாக மற்றவர்கள் எரிச்சலடைவார்கள். ஆனால் எவர்டனில் அந்தத் தரப்பே மிகுந்த ஆழத்தோடு பேசியது என்பது என் கருத்து. லாம்பார்ட் நீக்கப்படுவதற்கு முந்திய வாரங்களில் ஆட்டம் முடிந்த பிறகும் இருக்கையை விட்டு எழாமல் ரசிகர்கள் போராடினார்கள். அந்தப் போராட்டம் மேலாளருக்கு எதிரானதன்று, கழகத்தை நிர்வகிக்கும் இயக்குநர் குழுவுக்கு எதிரானது. ஏழு ஆண்டுகளில் இத்தனை மேலாளர்கள் வந்து போயும் ஒரே முடிவு வருகிறதென்றால் காரணம் அவர்களைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் இருக்கிறது என்ற வாதத்துக்கு எளிதில் பதில் சொல்ல முடியாது. பியெல்சாவும் டைச்சும் ஒரே பணிக்கு அடுத்தடுத்துப் பரிசீலிக்கப்பட்டார்கள் என்பதே கழகத்திடம் தெளிவான அளவுகோல் இல்லை என்பதற்குச் சான்று என்றும் அவர்கள் சுட்டிக்காட்டினார்கள். தாக்குதலே வாழ்வென்று நினைப்பவரையும் தற்காப்பிலிருந்து தொடங்குபவரையும் ஒரே வாரத்தில் அழைக்கும் கழகம் எதைத் தேடுகிறது?

இந்தத் தரப்பிலும் ஒரு குறை உண்டு. இயக்குநர் குழு மாற ஆண்டுகள் ஆகலாம், சனிக்கிழமை ஆட்டமோ சனிக்கிழமையே வந்துவிடும்.

நம் கழகம் எப்படிப்பட்டது?

வெற்றி தோல்விக் கணக்கில் அடங்காத எதிர்ப்புகளும் உண்டு. 2021-இல் எவர்டன் ரஃபேல் பெனிடெஸை நியமித்தது. அவர் 2005-இல் ஐரோப்பாவின் சாம்பியன்ஸ் லீகை வென்றவர்; தகுதியில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் அவர் அதை வென்றது அதே நகரத்தின் எதிரிக் கழகமான லிவர்பூலுக்காக. அங்கே இருந்தபோது, 2007-இல், எவர்டனைச் சிறிய கழகம் என்று சொன்னவரும் அவர்தான். குடிசன் பார்க்குக்கும் லிவர்பூலின் ஆன்ஃபீல்டுக்கும் இடையே ஒரு பூங்காதான் தூரம்; ஒரே குடும்பத்தில் இரு கழகத்தாரும் இருப்பார்கள். அத்தகைய ஊரில் அந்தச் சொல் மறக்கப்படுவதில்லை. நியமனத்துக்கு முன் அவருடையது என்று தவறாகவோ சரியாகவோ கருதப்பட்ட ஒரு வீட்டருகே மிரட்டல் பதாகை வைக்கப்பட்டது. அதை எந்த விதத்திலும் நியாயப்படுத்த முடியாது. ஒரு கழகத்தின்மீதுள்ள அன்பு ஒரு மனிதரின் வீட்டுவாசலில் அச்சமாகப் போய் நிற்கக் கூடாது. ஆனால் அமைதியாக எதிர்த்த பெரும்பான்மையினரின் வாதத்தில் நடைமுறைப் பயன் இருந்தது: நம்பிக்கைக் கையிருப்பு இல்லாமல் தொடங்கும் மேலாளருக்கு, தோல்விகள் வரும்போது மைதானம் துணைநிற்காது. அப்படியே நடந்தது. தொடக்கம் நன்றாக இருந்தும், தோல்விகள் அடுக்கியபோது அவரைக் காக்க யாருமில்லை. 2022 ஜனவரியில் அவர் போனார்.

அவருக்குப் பின் போர்ச்சுகலைச் சேர்ந்த வீட்டர் பெரெய்ரா வரக்கூடும் என்ற செய்தி பரவியபோது, குடிசன் பார்க் சுவரிலேயே பெரெய்ரா வேண்டாம், லாம்பார்ட் வேண்டும் என்று யாரோ எழுதினார்கள். வந்தவர் லாம்பார்ட். ரசிகர்களின் கருத்து நியமனத்தில் எடை பெறும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு. அந்த எடை நல்லதா என்பது கடினமான கேள்வி. அந்த மே மாதம் கிரிஸ்டல் பேலஸுக்கு எதிராக 2-0 என்று பின்தங்கியிருந்த எவர்டன் 3-2 என்று வென்று தப்பியபோது, மைதானத்தின் ஆரவாரத்துக்கு அதில் பங்கு உண்டென்று லாம்பார்டின் அணியினரே நம்பினார்கள். அடுத்த எட்டு மாதங்களில் அதே ஆரவாரத்தால் அணியின் தாக்குதல் குறைகளை மறைக்க முடியவில்லை.

அழகைப் பற்றிய வாதமும் இந்த வகையைச் சேர்ந்ததுதான். அலர்டைஸ் 2017 நவம்பரில் தத்தளித்த அணியை ஏற்று எட்டாவது இடத்தில் முடித்தார். இருந்தும் அந்த மே மாதமே நீக்கப்பட்டார், ஏனென்றால் அவருடைய கால்பந்தைப் பார்க்க மக்கள் விரும்பவில்லை. புள்ளிப் பட்டியல் மட்டுமே அளவுகோல் என்று நினைக்கும் புதியவருக்கு இது புரியாது. வாரம் முழுதும் உழைத்துவிட்டு, சம்பளத்தில் ஒரு பங்கைக் கொடுத்து மைதானத்துக்கு வருபவர் மகிழ்ச்சியையும் எதிர்பார்க்கிறார் என்பதை ஏற்றுக்கொண்டால் புரியும்.

மாற்றினால் பயன் உண்டா?

டைச்சின் 18 ஆட்டங்களில் எவர்டன் 21 புள்ளிகள் எடுத்தது. ஐந்து வெற்றிகள், அவற்றில் நான்கு குடிசன் பார்க்கில் 1-0 என்று கிடைத்தவை, ஐந்தாவது பிரைட்டன் மைதானத்தில் 5-1 என்று எவரும் எதிர்பாராமல் வந்தது. பருவத்தின் கடைசி நாளான மே 28 அன்று போர்ன்மத்துக்கு எதிராக அப்துலாய் டுகூரே அடித்த ஒரே கோலால் எவர்டன் 36 புள்ளிகளுடன் பதினேழாவது இடத்தில் தப்பியது.

எண்களை ஊன்றிப் பார்த்தால் வியப்பான ஒன்று தெரியும். தற்காப்புக்குப் பெயர்போன டைச்சின் கீழ் எவர்டன் 18 ஆட்டங்களில் 29 கோல்கள் வாங்கியது. லாம்பார்டின் கீழ் 20 ஆட்டங்களில் 28. அதாவது தற்காப்பு மேம்படவில்லை, சற்று மோசமானது. மேம்பட்டது கோல் அடிப்பதுதான்: 20 ஆட்டங்களில் 15 என்பது 18 ஆட்டங்களில் 19 ஆயிற்று. அதிலும் ஐந்து கோல்கள் ஒரே ஆட்டத்தில் வந்தவை. ஒரு மேலாளரைப் பற்றி ரசிகர்கள் வைத்திருக்கும் சித்திரமும் களத்தில் நடப்பதும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. எண்களைத் தேடிப் பார்க்கும் பழக்கம் இதற்காகத்தான் வேண்டும்.

நெதர்லாந்துப் பொருளியலாளர் பாஸ் டெர் வெல், தம் நாட்டு லீகில் 1986 முதல் 2004 வரை நடந்த மேலாளர் நீக்கங்களை ஆராய்ந்தார். மேலாளரை மாற்றிய பிறகு முடிவுகள் முன்னேறியது உண்மை. ஆனால் அதே போன்ற சரிவைச் சந்தித்தும் மேலாளரை மாற்றாத அணிகளும் ஏறத்தாழ அதே அளவு முன்னேறின. சரிவின் அடியாழத்தில் இருக்கும் அணிக்குத் துரதிர்ஷ்டமும் சேர்ந்தே இருந்திருக்கும். காயம்பட்டவர்கள் திரும்புவார்கள், கம்பத்தில் பட்டு வெளியே போன பந்து உள்ளே போகும். அந்த இயல்பான மீட்சிக்குரிய பாராட்டைப் புதிய மேலாளர் பெற்றுக்கொள்கிறார்.

2022-23 பருவத்தின் கடைசி நான்கு இடங்களைப் பார்த்தாலும் இது தெரியும். எவர்டன், லெஸ்டர், லீட்ஸ், சவுத்தாம்ப்டன் ஆகிய நான்கும் பருவத்தின் நடுவே மேலாளரை மாற்றின, மூன்று இறங்கின. லெஸ்டர் ஏப்ரலில், எட்டு ஆட்டங்கள் மீதமிருக்கும்போது டீன் ஸ்மித்தை அழைத்தது. லீட்ஸ் மே மாதத்தில், நான்கே ஆட்டங்களுக்காக அலர்டைஸை அழைத்தது. அவருக்குக் கிடைத்தது ஒரு புள்ளி. அதே பருவத்தில் ஆஸ்டன் வில்லா அக்டோபரிலேயே ஸ்டீவன் ஜெரார்டை நீக்கி உனாய் எமெரியைக் கொண்டுவந்து, கீழ்வரிசையிலிருந்து ஏழாவது இடத்துக்கு ஏறியது. எமெரிக்குக் காலமும் கிடைத்தது, தரமான அணியும் கிடைத்தது. இவற்றைச் சேர்த்துப் பார்க்கும்போது, யார் என்பதற்கு நிகராக எப்போது என்பதும் தீர்மானிக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. தாமதமாக வரும் சரியான மேலாளரால் பெரிதாக எதுவும் செய்ய முடிவதில்லை.

பழைய விடைக்குப் புதிய கேள்வி

டைச் அடுத்த பருவத்திலும் எவர்டனைக் காத்தார். நிதி விதிகளை மீறியதற்காக இரு தவணைகளில் மொத்தம் 8 புள்ளிகள் பறிக்கப்பட்ட பிறகும் 40 புள்ளிகளுடன் பதினைந்தாவது இடம் என்பது, என் பார்வையில், அவர் செய்த மிகச் சிறந்த பணி. ஆனால் 2024 டிசம்பரில் ஃபிரீட்கின் குழுமம் கழகத்தை வாங்கியபோது சூழல் மாறியிருந்தது. கடன் சுமை நீங்கும் நம்பிக்கையும், ஆற்றங்கரையில் எழுந்துகொண்டிருந்த புதிய மைதானமும் இருந்தன. தப்பிப்பது மட்டும் போதுமா என்று ரசிகர்கள் கேட்கத் தொடங்கினார்கள். 19 ஆட்டங்களில் 17 புள்ளிகளுடன், ஆபத்துப் பகுதிக்கு ஒரே புள்ளி மேலே இருந்த நிலையில், 2025 ஜனவரி 9 அன்று டைச் நீக்கப்பட்டார்.

இரண்டு நாளில் வந்தவர் டேவிட் மோய்ஸ். 2002 முதல் 2013 வரை அதே கழகத்தை நடத்தியவர். போனவரைத் திரும்ப அழைப்பது பின்னோக்கிப் போவது என்று ஒரு தரப்பு தயங்கியது. கழகத்தை அறிந்தவர், உடனே வேலை தொடங்கக்கூடியவர் என்று மறுதரப்பு சொன்னது. எஞ்சிய 19 ஆட்டங்களில் 31 புள்ளிகள் எடுத்து அவர் அணியைப் பதின்மூன்றாவது இடத்தில் நிறுத்தினார். 2023-இல் கழகத்துக்குச் சரியான விடையாக இருந்த டைச், 2025-இல் அப்படி இல்லாமல் போனதற்குக் காரணம் அவர் திறமை குன்றியதன்று, கேள்வி மாறியிருந்தது.

ஒரு பெயரைக் கேட்டதும் எள்ளி நகையாடுவது ஆபத்தானது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2015 கோடையில் லெஸ்டர் சிட்டி கிளாடியோ ரனியேரியை நியமித்தபோது, ஃபாரோ தீவுகளிடம் தோற்று கிரீஸ் தேசிய அணியின் பொறுப்பை இழந்த ஒருவரையா என்று பலரும் கேட்டார்கள். லெஸ்டரில் பிறந்து அந்தக் கழகத்துக்கே ஆடிய கேரி லினெக்கர்கூட வெளிப்படையாக ஐயம் தெரிவித்தார். அந்தப் பருவத்தில் லெஸ்டர் லீக் பட்டத்தை வென்றது. ரனியேரி ஏற்கெனவே ஒற்றுமையாக இருந்த அணியைக் கலைக்காமல், ஜேமி வார்டியின் வேகத்துக்கும் என்கோலோ காந்தேயின் உழைப்புக்கும் ஏற்ற முறையில் ஆடவிட்டார். அவர் பெயரில் இல்லாத பொருத்தம் சூழலில் இருந்தது.

எனவே அடுத்த முறை உங்களுக்குப் பிடித்த கழகம் மேலாளரைத் தேடும்போது, பத்திரிகைகளிலும் பந்தய நிறுவனங்களின் பட்டியல்களிலும் அடிபடும் பெயர்களை முதலில் ஒதுக்கிவையுங்கள். எத்தனை ஆட்டங்கள் மீதமிருக்கின்றன, புதிய ஆட்டக்காரர்களை வாங்க வழி உண்டா, அணி தோற்பது கோல் அடிக்க முடியாமலா, தடுக்க முடியாமலா, கையிலிருக்கும் ஆட்டக்காரர்கள் எந்த முறையில் முன்பு நன்றாக ஆடியிருக்கிறார்கள் என்பனவற்றைக் கண்டறிந்த பிறகு பெயர்களுக்கு வாருங்கள். நியமனம் நடந்த பின் முதல் வெற்றியை வைத்தோ முதல் தோல்வியை வைத்தோ தீர்ப்பெழுத வேண்டாம். ஆர்செனலை வென்ற டைச், அடுத்த ஆட்டத்திலேயே ஆன்ஃபீல்டில் 2-0 என்று தோற்றார், மோய்ஸும் திரும்பி வந்ததும் ஆடிய முதல் லீக் ஆட்டத்தில் ஆஸ்டன் வில்லாவிடம் தோற்றார். எட்டு, பத்து ஆட்டங்கள் போகட்டும். அதற்குள் அணி முன்பைவிட அதிகமான நல்ல வாய்ப்புகளை உருவாக்குகிறதா, எதிரணிக்குக் கொடுக்கும் வாய்ப்புகள் குறைகின்றனவா என்று பார்த்தால், புள்ளிப் பட்டியல் சொல்வதற்கு முன்பே உங்களுக்கு விடை தெரிந்துவிடும்.